தனிப் பிரிவுக்கு ஓர் ஆதாரம்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். நான் கையால் எழுதி வெகுநாளாகிவிட்டது. எனக்கு எல்லாம் கட்டைவிரல் வேலைதான். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் பயம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் இரண்டு மூன்று முறை எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தால் தவறாக நினைக்காதீர்கள். மூன்று வாரமாக என்னால் ஒரே இடத்தில் கால்மணி நேரம் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து மாடிக்குப் போய், அறை பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் பூட்டித்தான் இருக்கிறது.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகவேதான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதை எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

என் பெயர் அன்புக்கரசி. வயது இருபத்தொன்பது. செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உத்திராபதியின் மகள். கடைக்கு மேல் மாடியில் முன்பு அண்டா குண்டாக்களை அடுக்கி வைத்திருந்த அறை ஒன்று உண்டு. நைனாவிடம் கெஞ்சி, சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து அதை வாங்கினேன். அங்கே பெண்களுக்கு மொபைல் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு நான்கு பேர் கொண்ட அணிகள் ஒரு தீவில் இறங்கி, ஒன்றையொன்று சுட்டு, கடைசிவரை நிற்கும் அணி ஜெயிக்கும் ஆட்டம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். நீங்கள் வந்ததும் அணைத்திருப்பார்கள்.

மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்பு. பதினொரு பெண்கள். பாதிப் பேர் வீட்டில் டெய்லரிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருவார்கள். மூன்று வருடத்தில் ஒரு ஜாக்கெட்கூடத் தைத்துக்கொண்டு போகாததைப் பற்றி எந்த அம்மாவும் கேட்டதில்லை. ஆண்களுக்கு அந்த அறையில் அனுமதி இல்லை. என் நைனாவே படியில் நின்றுதான் கூப்பிடுவார்.

அறைக்கு மூன்று விதிகள் வைத்திருந்தேன். ஆட்டத்தில் பெண் பெயர் வைக்கக் கூடாது. மைக் போடக் கூடாது. குரல் கேட்டால் பெண் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அசிங்கமாகப் பேசுவார்கள். அதனால் பேசாமலே ஆடப் பழக்கினேன். இரண்டு முறை குதித்தால் என்னிடம் வா என்று அர்த்தம். இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தால் எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். மூன்றாவது விதி பவுடர். ஆடும்போது விரல் வியர்த்து வழுக்கும். அதற்கு விரலில் மாட்டிக்கொள்ளும் மெல்லிய உறை விற்கிறது, ஆனால் அது ஒரு பெண்ணின் பையில் இருந்தால் இது என்ன, எதற்கு என்று வீட்டில் கேள்வி வரும். பவுடர் டப்பாவை யாரும் கேட்க மாட்டார்கள். எனவே நாங்கள் கட்டைவிரலில் முகத்துக்குப் போடும் பவுடரைப் பூசிக்கொண்டு ஆடுவோம். ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்பிப் போன பிறகு மேசையெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2019இல் பாண்டிச்சேரிக்காரர்கள் நடத்திய ஒரு பொதுப் போட்டியில் சேர்ந்தேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் போட்டி. முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். ஆட்டம் முழுக்க அவர்கள் என்னைப் பேசிய பேச்சில் குறி தவறித் தோற்றேன். இதை என் மாணவிகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனிப் பரிசு, தனி விளம்பரம் எல்லாம் வேண்டும் என்று நான் கேட்பது அந்த நாளிலிருந்துதான்.

இனி வித்யாஸ்ரீ. வயது பத்தொன்பது. சிங்கவரத்தில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். காலேஜ் முடிந்து நேராக மாடிக்கு வருவாள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் அவள் ஒருத்திதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்தவள். காலடிச் சத்தத்தை வைத்து எதிரி மாடியில் இருக்கிறானா, படியில் இருக்கிறானா என்று சொல்லிவிடுவாள். அந்த ஆட்டத்தை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடிய எனக்கு அந்தக் காது வரவில்லை. எனக்கு அவள்மேல் பொறாமை இருந்ததா என்று கேட்காதீர்கள். கேட்டாலும் இல்லை என்றுதான் எழுதுவேன்.

அவள் வீட்டிலிருந்தபடி அவலூர்பேட்டைப் பையன்கள் மூன்று பேரின் அணியில் நான்காவது ஆளாகச் சேர்ந்து ஆடினாள். அதன் தலைவன் தினேஷ்குமார், அங்கே போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன். ஆறு மாதம் அவளை ஒரு பேசாத பையன் என்றே நினைத்திருந்தான். ஒருநாள் ஆட்டம் நெருக்கடியில் இருந்தபோது இவள் பொறுக்க முடியாமல் மைக்கைப் போட்டு, "பின்னாடி ரெண்டு பேரு வரானுங்க" என்று கத்திவிட்டாள். மறுநாள் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"அவரு இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? இத்தினி நாளா ஏம்மா வாயத் தொறக்கல, எத்தினி ஆட்டம் தோத்துருக்கோம்னு திட்டறாரு."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்குப் பிறகு அவள் எப்போதும் மைக் போட்டே ஆடினாள். என் அறையில்கூட விதியை மீறினாள். வெளியாட்கள் யாராவது அசிங்கமாகப் பேசினால் மற்ற மூன்று பேரும் பதிலுக்குக் கிழித்துவிடுவார்களாம். மற்ற பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் ராஜகிரி மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதே லேசாக இந்த நிலைகொள்ளாமை தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த வருடம் விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் பொதுப் போட்டியில் அவர்கள் அணி இறுதிச் சுற்றுக்கு வந்தது. ஜெயிக்கும் அணியைச் சென்னையில் ஒரு பெரிய அணி தேர்வுக்கு அழைக்கும். வித்யாஸ்ரீயின் நைனா கறாராகச் சொல்லியிருந்தார்: ஜெயித்தால் ஆடலாம், இல்லையென்றால் இறுதிச் சுற்று நடக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு போனைக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு எல்லாமே அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் போட்டியை நடத்திய கம்பெனியின் மேலாளர் அரிகிருஷ்ணன். இரண்டு வருடமாக அவரிடம் மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். இறுதிச் சுற்றுக்குப் பத்து நாள் இருக்கும்போது மறுபடி போய் நின்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு, டீ சொல்லி, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொண்ணுங்களுக்குத் தனியா நடத்தணும்னு கேக்கறீங்க. உங்ககிட்ட படிச்ச பொண்ணே ஓப்பன்ல ஃபைனல் வந்துருக்குது. அது ஜெயிச்சிட்டா அப்புறம் எதுக்கு மேடம் தனியா? மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க. பொண்ணுங்களால ஓப்பன்ல ஆட முடியலன்றதுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருந்தா குடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வித்யாஸ்ரீ ஒருத்தி. மீதி பத்துப் பேர் மைக் போட்டுப் பேசத் தெரியாதவர்கள், சுமாராக ஆடுகிறவர்கள், டெய்லரிங் கிளாஸ் என்று சொல்லி வருகிறவர்கள். இவள் ஒருத்தி ஜெயித்தால் அவர்கள் பத்துப் பேருக்கும் கதவு சாத்தப்படும். நன்றாக ஆடுகிற ஒரு பெண்ணால் சுமாராக ஆடுகிற நூறு பெண்களுக்கு நஷ்டம். இதை யாராவது உட்கார்ந்து யோசித்துத்தானே ஆக வேண்டும்?

ஆதாரம் என்னிடம் இருந்தது. மூன்று வருடத்தில் என் மாணவிகளுக்கு வந்த ஆபாசச் செய்திகளை, மிரட்டல்களை எல்லாம் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று. எல்லாம் நிஜம், வேண்டுமானால் அந்தப் பெண்களையே கேளுங்கள். அவற்றை அரிகிருஷ்ணனிடம் முன்பே காட்டியிருந்தேன். பழசு என்றார். பெயர் தெரியாத பிள்ளைகள் என்றார். ஆகவே புதிதாக, பெயர் தெரிந்த பெண்ணுக்கு வந்த மாதிரி ஒன்று தேவைப்பட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம், வகுப்பு தொடங்குவதற்கு முன், கீழே நைனா ஒரு கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசைப் பாத்திரம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில், ஓர் ஆணின் பெயரில் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். முதல் செய்தியை நான் சொந்தமாக எழுதவில்லை. நாற்பத்து மூன்றில் ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வித்யாஸ்ரீக்கு அனுப்பினேன். எவனோ ஒருவன் எப்போதோ எழுதியதுதான். நான் திரும்ப அனுப்பினேன், அவ்வளவே.

மூன்று மணிக்கு அவள் வந்தாள்.

"யக்கா, ஒரு லூசு மெசேஜ் போட்டுனு இருக்கான். பிளாக் பண்ணிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுப் பவுடரைப் பூசிக்கொண்டு ஆட உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த அளவு தைரியம் மற்ற பெண்களுக்குத் தவறான முன்னுதாரணம். புதன்கிழமை வேறு கணக்கிலிருந்து, அவள் சிங்கவரத்தில் எந்த பஸ் ஏறுகிறாள், எத்தனை மணிக்கு, முந்தின நாள் என்ன நிறச் சுடிதார் என்று எழுதினேன். அன்று அவள் முகம் கொஞ்சம் மாறியிருந்தது. நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து என்று எண் போட்டு வைத்தேன்.

"ஞாயித்துக்கெழம போவாதடி. உசுரவிட ஆட்டம் பெருசா?" என்றேன்.

"போவலன்னா நைனா போன வாங்கி வெச்சிடுவாரு. நான் போவேங்க்கா."

வியாழக்கிழமை மூன்றாவது செய்தி. அதை மட்டும் நானே எழுதினேன். உங்களிடம் நகல் இருக்கும். 'பவுடர் பூசற அந்தக் கட்டவெரல வெட்டி உன் கையிலயே குடுத்துடுவேன், ஞாயித்துக்கெழம வந்து பாரு.' எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். மற்ற நாற்பத்தைந்தை விட நன்றாக வந்திருந்தது. அவள் படித்துவிட்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பவும் போவேன்" என்றாள்.

அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன், மேடம். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுடைய அண்ணன் இளவரசன் சிங்கவரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். முன்கோபி. தங்கைமேல் உயிர். வெள்ளிக்கிழமை காலை அவனைக் கடைக்கு வரச் சொல்லி மூன்று செய்திகளையும் காட்டினேன். ஒரு பெண்ணின் பாதுகாப்பு. வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டாமா? தங்கையைப் போகாதே என்று தடுப்பான், அத்தோடு முடியும் என்றுதான் நினைத்தேன். அவன் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"யாருக்கா இவன்?"

"எனக்கெப்படிப்பா தெரியும்? அவ பஸ் டைமெல்லாம் அவகூட ஆடற பசங்களுக்குத்தான் தெரியும்."

இவ்வளவுதான் நான் சொன்னது. தினேஷ்குமார் என்ற பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. இளவரசனிடம் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வண்டியில் வந்த தினேஷ்குமாரை அவலூர்பேட்டை சாலையில், ஒரு சிறுபாலத்தருகே இளவரசனும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய வலது கையைப் பாலத்தின் கட்டைச் சுவர்மேல் வைத்துப் பிடித்து, கட்டைவிரலைக் கல்லால் அடித்திருக்கிறார்கள். என் செய்தியில் எந்த விரலைச் சொல்லியிருந்தேனோ அதே விரல். எலும்பு மூன்று இடத்தில் நொறுங்கிவிட்டது. இனி அந்த விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னாராம். அவனுக்கு ஆட்டம் மட்டும் இல்லை, போனின் சின்னத் திருகாணியைக் கழற்றுகிற பிழைப்பும் அந்த விரலில்தான் இருந்தது.

செய்தி வந்தபோது நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தேன். பிறகு அரிகிருஷ்ணனுக்குப் போன் செய்தேன். நீங்கள் ஆதாரம் கேட்டீர்களே என்று ஆரம்பித்தேன். மூன்று செய்திகளையும் அனுப்பினேன். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அணி ஆடவில்லை. அண்ணன் சிறைக்குப் போனான். வித்யாஸ்ரீயின் போன் அவள் நைனாவிடம் போனது. செவ்வாய்க்கிழமை பெண்கள் தனிப் பிரிவு அறிவிக்கப்பட்டது. அறுபத்து நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மேடம். திண்டிவனத்திலிருந்து, சீயமங்கலத்திலிருந்து எல்லாம். என் பத்துப் பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி டெய்லரிங் கிளாஸ் என்ற பொய்யை விட்டுவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டே வருகிறாள். ஒரு நாற்பது வயது அம்மாள் வந்து, பிள்ளைக்கு மட்டுமா, எனக்கும் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டார். இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் வித்யாஸ்ரீ வந்தாள். மூன்று வாரத்தில் இளைத்துவிட்டிருந்தாள். வகுப்பில் யாரும் இல்லாத நேரம். மேசைமேல் இருந்த பவுடர் டப்பாவை எடுத்து, கையில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"தினேசு அண்ணன ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேங்க்கா. அந்த மெசேஜ அவருகிட்ட படிச்சுக் காட்னேன். பவுடர் பூசற வெரலா, இன்னா பவுடர்னு கேக்கறாரு. அவங்க எல்லாம் வெரலுக்கு உறை போட்டுதான் ஆடுவாங்களாம். பவுடர் பூசி ஆடறத அவரு கேள்விப்பட்டதே இல்லியாம்."

நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன்.

"நானும் யோசிச்சிப் பாத்தேன். பவுடர் இந்த ரூம்புலதான். இந்த ரூம்புக்கு ஆம்பள யாரும் வந்ததே இல்ல."

உண்மையிலேயே அதை எழுதும்போது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை, மேடம். உலகத்தில் ஆடுகிற எல்லாருமே பவுடர் பூசுகிறார்கள் என்று நினைத்துவிட்டிருந்தேன். மூன்று வருடமாக அந்த அறைக்கு வெளியே யார் எப்படி ஆடுகிறார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"பொண்ணுங்களுக்குத் தனியா வேணும்னு கேக்கறது தப்பில்லக்கா. நானும்தான் உங்ககூட வந்து கேட்டிருப்பேன். ஜெயிச்சிட்டு வந்து கேட்டிருப்பேன். என்னைத் தோக்கடிச்சி ஏங்க்கா கேட்டீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மேலே எழுதியிருக்கிற அத்தனையும் பதில்தான். ஆனால் அவள் நிற்கும்போது வரிசையாக வரவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, காலையில் எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், நீங்களே வந்து சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் நான் எங்கும் இறங்கிவிடாதபடி இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து வந்தாள். அதனால் கட்டாயம் என்று ஆகிவிடாது.

ஆகவே, மூன்று செய்திகளையும் அனுப்பியது நான். இளவரசனை வரவழைத்தது நான். தினேஷ்குமார் நிரபராதி என்று தெரிந்தே மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தது நான். இத்துடன் முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்று எழுந்தேன். வெளியே அவளை விசாரித்துவிட்டு வந்து, பஸ்ஸில் அவள் கேட்டதையும் எழுதச் சொன்னீர்கள். வழி முழுக்க அவள் பேசியது அந்த ஒரே கேள்விதான்.

"பாண்டிச்சேரிப் போட்டில நீங்க மைக் போட்டு ஆடனீங்களாக்கா?"

போடவில்லை. முதல் சுற்றை அவரவர் வீட்டிலிருந்தே ஆடினோம், ஆட்டத்தில் என் பெயர் ராஜகிரி. நான் ஒரு பெண் என்று அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாவது நிமிடத்தில், பின்னால் வந்த காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, தோற்றுவிட்டேன்.

ஆனால் தெரிந்திருந்தால் கட்டாயம் பேசியிருப்பார்கள், மேடம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.